அலுவலகத்திலிருந்து வெள்ளக் கிராமத்துக்கு: ஊழியர் தன்னார்வப் பணி, ஓர் எளிய அறிமுகம்

சில வருடங்களுக்கு முன்னர், ஒரு நவம்பர் மாதக் கடைசியில், நான் வேலை செய்யும் நிறுவனத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஒரு வான் வண்டியில் புறப்பட்டோம். மூன்று நாளாக விடாத மழை. யாழ்ப்பாண நகரத்தை ஒட்டிய பள்ளக் காணிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. விடியவே கடையில் சொல்லி 200 சோற்றுப் பார்சல் கட்டுவித்திருந்தோம். ஒரு பாடசாலையில் இயங்கிய நலன்புரி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஒரு மணி. எங்களுக்கு முன்னால் இரண்டு வாகனங்கள் நின்றன. இரண்டிலும் சோற்றுப் பார்சல்தான்.

கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வர மனமில்லாமல் அங்கேயே இறக்கினோம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்த்தால், வகுப்பறை மூலையில் பிரிக்காத பார்சல்கள் அடுக்கோடு புளிக்கத் தொடங்கியிருந்தன. அதே நேரத்தில், இரண்டு கிலோமீற்றர் தள்ளி ஒரு ஒழுங்கைக்குள், முகாமுக்கு வராமல் உறவினர் வீட்டு மேல்மாடியில் ஒதுங்கியிருந்த ஏழு குடும்பங்களுக்குக் காலையிலிருந்து தேத்தண்ணீரும் பிஸ்கற்றும்தான் என்று அடுத்த நாள் தெரிய வந்தது. அந்த ஊரின் அரச அலுவலரான விதானையாருக்கு ஒரு போன் எடுத்திருந்தால் எங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு உறுத்தும்.

அந்தப் பாடசாலை விறாந்தையில் இருந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டதும் இன்னும் காதில் நிற்கிறது. “சாப்பாடு காணும் ராசா. தண்ணி வத்தினாப் பிறகு என்ரை கிணத்தை ஒருக்கா வந்து பார்ப்பியளோ?”

நிறுவன ஊழியர் தன்னார்வப் பணியைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் அந்த அம்மாவின் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். தண்ணீர் நிற்கும்போது எல்லோரும் போகிறோம். வற்றிய பிறகு போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் உண்மையாகப் பயன்படக்கூடிய காலம் தண்ணீர் வற்றிய பிறகுதான் தொடங்குகிறது.

முதலில், இது என்ன?

ஒரு நிறுவனம் தன் ஊழியர்கள் வேலை நேரத்தில், சம்பளம் வெட்டுப்படாமல், பொது வேலைக்குப் போக வழி செய்து கொடுப்பதுதான் ஊழியர் தன்னார்வப் பணி. போவதா இல்லையா என்று ஊழியர் தீர்மானிக்கிறார். நேரம், வாகனம், காப்புறுதி, சில இடங்களில் பணம் என்று நிறுவனம் தன் பங்கைத் தருகிறது. சில நிறுவனங்கள் வருடத்துக்கு இத்தனை நாள் என்று சம்பளத்துடன் கூடிய லீவு வைத்திருக்கின்றன. சில, ஊழியர்கள் தங்களுக்குள் சேர்க்கும் காசுக்குச் சமமான தொகையைத் தாமும் போடுகின்றன. இன்னும் சில, கணக்காளரையோ பொறியியலாளரையோ மென்பொருள் எழுதுபவரையோ அவரவர் தொழிலையே செய்து கொடுக்கும்படி சில வாரங்களுக்கு அனுப்புகின்றன.

இதில் பாதி எங்களுக்குப் புதிதல்ல. கோயில் கேணியில் சேறு வார, சனசமூக நிலையத்துக்கு வேலி அடைக்க, நாள் குறித்து ஊரே கூடும் சிரமதானம் எங்களிடம் இருக்கிறது. 1958 இல் தொடங்கிய சர்வோதய இயக்கம் நாடு முழுவதும் கட்டியெழுப்பியதும் அந்த வழக்கத்தின் மேல்தான். வித்தியாசம் ஒன்று உண்டு. சிரமதானத்தில் ஊர்க்காரர் தம் ஊருக்காகக் கூடுகிறார். எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த வீட்டில் படுக்கையில் ஒரு கிழவர் கிடக்கிறார் என்பதெல்லாம் அவருக்குச் சொல்லாமலே தெரியும். நிறுவனத்திலிருந்து போகிறவர் வெளியாள். அவர் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் காலை வைக்க வேண்டும்.

நிறுவனம் காசோலை கொடுப்பது வேறு விடயம். இந்தியாவில் 2013 ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சொல்கிறது. அது பணத்தைப் பற்றிய சட்டம். நான் இங்கே பேசுவது மனிதர்கள் கொடுக்கும் நேரத்தைப் பற்றி.

தன்னார்வம் என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேலாளர் பெயர்ப்பட்டியல் போட்டு, சனிக்கிழமை எல்லோரும் வர வேண்டும் என்று சொன்னால் அது தன்னார்வம் ஆகாது, கூடுதல் வேலை. வராதவரைப் பற்றி ஒரு குத்தல் பேச்சு எழுந்தாலும் அப்படித்தான். வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், அவருடைய வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நிற்கலாம். யாழ்ப்பாணத்தில் வெள்ளம் வந்தால் ஊழியர்களில் ஒரு பகுதியினர் தாங்களே பாதிக்கப்பட்டவர்கள். முதலில் அவர்களின் வீட்டுக்குப் போவதும் இந்தப் பணியில் அடங்கும் என்பது என் எண்ணம்.

எப்போது யாருடைய வேலை?

எங்களுக்கு அனர்த்தம் பெரும்பாலும் வடகீழ்ப் பருவமழையோடு வருகிறது, ஒக்ரோபரிலிருந்து டிசெம்பர் வரை. 2008 நவம்பரில் நிஷா புயல், 2020 டிசெம்பரில் புரெவி, 2024 நவம்பரில் பெங்கல் தந்த மழை, 2025 நவம்பரில் டிட்வா. நாட்காட்டியைப் பார்த்தே ஆயத்தமாகக்கூடிய அனர்த்தம் இது. 2004 டிசெம்பர் 26 சுனாமி மட்டும் அந்தக் கணக்குக்குள் அடங்காமல் வந்தது. வடமராட்சி கிழக்குக் கரையில் அன்று காலை போனவர்களை எண்ணி இன்றைக்கும் டிசெம்பர் 26 இல் விளக்கேற்றுகிறார்கள்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் உயிர் காக்கும் நாட்கள். அயல்வீட்டுக்காரர், கடற்றொழிலாளர், பொலிஸ், முப்படை, நோயாளர் காவு வண்டி என்று அந்த வேலைக்குப் பழக்கமும் பயிற்சியும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990 ஆகிய இலக்கங்கள் எல்லோருடைய போனிலும் இருக்க வேண்டும். நீந்தத் தெரியாத ஒரு கணக்காளர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால், காப்பாற்ற வேண்டியவர்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

அதன் பிறகு நிவாரண நாட்கள், ஒரு கிழமை அல்லது இரண்டு. சமைத்த உணவு, உலர் உணவுப் பொதி, பாய், போர்வை, பெண்களுக்கான சுகாதாரப் பொருட்கள். பிறகு துப்பரவு. அதன் பிறகு மீள்கட்டுமானம். அது மாதக் கணக்கில், சில குடும்பங்களுக்கு வருடக் கணக்கில் போகும். உதவ வருகிறவர்களின் எண்ணிக்கையோ நேர்மாறாக ஓடும். முதல் மூன்று நாளில் வாகனம் நிறுத்த இடமிருக்காது. மூன்றாவது மாதத்தில் அதே ஒழுங்கைக்குள் ஒருவரும் வருவதில்லை.

அதனால் வருடத்துக்கு மூன்று நாள் தன்னார்வ லீவு தரும் நிறுவனம் ஒன்றில் நீங்கள் இருந்தால், மூன்றையும் முதல் கிழமையில் செலவழித்துவிடாதீர்கள். ஒன்றைத் துப்பரவுக்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தை, மாசி மாதத்துக்கு வைத்திருங்கள்.

யாரிடம் கேட்பது?

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம சேவையாளர் பிரிவுகளும் இருக்கின்றன. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் முகாமில், யார் உறவினர் வீட்டில், யார் இன்னும் வீட்டை விட்டு வெளியேறவில்லை என்ற விபரம் கிராம சேவையாளரிடம் திரளும். நாங்கள் விதானையார் என்று கூப்பிடுகிறவர் அவர்தான். அவரிடமிருந்து அது பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும், அங்குள்ள அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் போகும். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், சுனாமி தந்த அடிக்குப் பிறகு பிறந்தது. அனர்த்தத்தின்போது யார் யாரை ஒருங்கிணைப்பது என்பதற்கு அதுதான் சட்ட அடிப்படை.

ஆகவே நிறுவனத்தின் முதல் வேலை ஒரு போன் அழைப்பு. “எங்களிடம் பத்துப் பேர், ஒரு வான், சனிக்கிழமை முழு நாள் இருக்கிறது. எங்கே தேவை?” என்று பிரதேச செயலகத்தில் கேட்பது. என்ன கொண்டு வரட்டும் என்று கேட்பதைவிட, எங்களிடம் இருப்பது இதுதான் என்று சொல்வது அவர்களுக்கு இலகு. அந்த நாட்களில் அவர்கள் சரியாக நித்திரை கொண்டிருக்க மாட்டார்கள். சனசமூக நிலையம், மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் என்று ஊருக்குள் இருப்பவர்களிடமும் பேச வேண்டும். முகாமுக்கு வராத குடும்பங்களை இவர்களுக்கும் தெரியும்.

கணக்குப் பார்க்கத் தெரிந்த அலுவலகக்காரருக்கு இங்கே ஒரு வேலை உண்டு. நிவாரணப் பணிக்கு ஸ்பியர் என்ற உலகளாவிய ஆகக்குறைந்த தரங்கள் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் எல்லாம் சேர்த்துத்தான். நீண்ட நாள் தங்கும் இடமென்றால் 20 பேருக்கு ஒரு மலசலகூடம். ஒரு பாடசாலையில் 300 பேர் தங்கியிருந்தால் நாளுக்கு 4,500 லீற்றர் தண்ணீரும் 15 மலசலகூடமும் வேண்டும். பெரும்பாலான பாடசாலைகளில் அந்த எண்ணிக்கை இருக்காது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, இருப்பது இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று அதிகாரியிடம் கொடுத்தால், தண்ணீர் பவுசர் எத்தனை தடவை வர வேண்டும் என்று அவரால் உடனே சொல்ல முடியும். எங்கள் 200 பார்சலைவிட அந்த ஒரு தாள் அன்றைக்கு அதிகம் உதவியிருக்கும்.

கிணறு

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் கிணற்றைப் புரிந்துகொள்ளாமல் வெள்ளத் துப்பரவுக்கு இறங்கக்கூடாது.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடலில் விழும் வழுக்கையாறுதான் எங்களுக்கு ஆறு. நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர். அந்த நன்னீர் கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் கொஞ்சம் இலேசானது என்பதால்தான் மிதக்கிறது. நிலத்தடி நீரியலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். அதைத் திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். மேலே ஓரடியை அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கீழேயிருந்து உவர் நாற்பது அடிவரை மேலே வரப் பார்க்கும்.

சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்தில் நடந்தது இதற்குச் சான்று. கடல்நீர் புகுந்த கிணறுகளைத் துப்பரவாக்கித் தர வேண்டும் என்று பல அமைப்புகளும் தொண்டர்களும் நல்ல மனதோடு பம்புகளுடன் போனார்கள். ஒரே கிணற்றை ஒரு குழு இறைத்துவிட்டுப் போக, அடுத்த குழு வந்து திரும்ப இறைத்தது. உப்பு குறையவில்லை. சில இடங்களில் கூடியது. கீழிருந்த உவரை மேலே இழுத்ததுதான் மிச்சம். ஆராய்ந்து பார்த்தவர்கள், இறைப்பதைக் குறைத்து உப்பை மழை கழுவ விடுங்கள் என்றார்கள்.

மழை வெள்ளம் வந்த கிணற்றின் பிரச்சினை வேறு. அதில் உப்பைவிட அழுக்குத்தான் அதிகம். மலக்குழி நிரம்பி வழிந்த தண்ணீர், செத்த கோழி, தோட்டத்து மருந்து எல்லாம் உள்ளே போயிருக்கும். அப்படியான கிணற்றை இறைத்துச் சேறு எடுத்து, குளோரின் போட்டு, சில நாள் கழித்துப் பரிசோதித்த பிறகுதான் குடிக்கலாம். எப்போது இறைப்பது என்பதில்தான் அனுபவம் வேண்டும். சுற்றியுள்ள நிலம் இன்னும் ஊறியிருக்கும்போது அவசரப்பட்டு வேகமாக இறைத்தால் கட்டு இடிந்து உள்ளே விழலாம். வெளியே வெள்ளம் நன்றாக வற்றிய பிறகு, மெதுவாக இறைக்க வேண்டும். பெற்றோல் பம்பை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கக்கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயு கிணற்றுக்குள் இறங்கியவரை ஓசையில்லாமல் கொன்றுவிடும். குளோரின் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். கிணற்றின் விட்டத்தையும் நீர் மட்டத்தையும் அளந்து கொடுப்பது எங்கள் வேலை.

நாங்கள் அந்த அம்மாவின் வளவுக்கு மூன்று கிழமை கழித்துப் போனோம். ஒரு சனிக்கிழமை, ஆறு பேர். கிணற்றுக் கட்டில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கபில நிறத்தில் ஒரு கோடு. துலா மரத்தின் அடியில் நத்தைகள். பரிசோதகர் முதலே வந்து பார்த்துவிட்டு, ஒரு தடவை மட்டும் இறையுங்கள், அடியில் இரண்டு முழம் விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். எங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பிள்ளை ஒருவர் பாதுகாப்பாக வெளியே நின்று, கயிற்றில் கல் கட்டி ஆழம் அளந்து, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் கொப்பியில் எழுதினார். வாளி வாளியாகச் சேறு வந்தது. அதில் ஒரு பித்தளைச் செம்பும் வந்தது. அந்த அம்மா அதை வாங்கித் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

அலுவலகத் தொழிலே உதவியாகும்போது

சேறு அள்ள எல்லோராலும் முடியும். ஆனால் ஒரு நிறுவனத்தில் இருப்பவர்களிடம், வேறெங்கும் இலகுவில் கிடைக்காத தொழில் அறிவு இருக்கிறது. இதற்கு உலகம் அறிந்த ஒரு உதாரணம் இலங்கையிலேயே பிறந்தது. சுனாமி வந்த சில நாட்களுக்குள் கொழும்பு மென்பொருள் துறையில் வேலை செய்தவர்கள் தன்னார்வமாகக் கூடினார்கள். காணாமல் போனவர்களின் பதிவு, முகாம்களின் பதிவு, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, எந்த முகாம் என்ன கேட்கிறது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய மென்பொருள் ஒன்றை எழுதினார்கள். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதற்குத் துணை நின்றது. பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து விட்டதால், 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. அவர்கள் கொடுத்தது தினமும் அலுவலகத்தில் செய்த அதே வேலையைத்தான்.

டிஎச்எல் கூரியர் நிறுவனம் இன்னொரு உதாரணம். பெரிய அனர்த்தம் நடந்தால் உலகமெங்கும் இருந்து விமானங்களில் பொருட்கள் வந்து விமான நிலையத்திலேயே குவிந்து அடைபடும். 2005 இலிருந்து ஐக்கிய நாடுகள் சபையோடு சேர்ந்து, பயிற்சி பெற்ற தன் ஊழியர்களைத் தன்னார்வலர்களாக அனுப்பி, அந்தப் பொருட்களைப் பிரித்து அடுக்கி வெளியே அனுப்பும் வேலையை அந்த நிறுவனம் செய்து வருகிறது. பெட்டி தூக்குவதும் கணக்கு வைப்பதும் அவர்களின் அன்றாடத் தொழில்.

யாழ்ப்பாணத்து அலுவலகம் ஒன்றுக்கு இவ்வளவு பெரிதாக யோசிக்கத் தேவையில்லை. வங்கியில், காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்குப் படிவம் நிரப்பத் தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு மக்கள் கையில் முதலில் வருவது படிவம்தான். சேத விபரம், நட்டஈடு, அடையாள அட்டைப் பிரதி, கடன் தவணை தள்ளிப்போடும் கோரிக்கைக் கடிதம். ஒரு மேசையும் நான்கு கதிரையும் போட்டு ஒரு நாள் இருந்தால் நாற்பது குடும்பத்தின் அலைச்சல் குறையும். சின்னக் கடைக்காரரின் கடன் கொப்பி நனைந்து மை கரைந்திருக்கும். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று அவரோடு இருந்து திரும்ப எழுதிக் கொடுப்பது ஒரு கணக்காளர் தரக்கூடிய மிகப் பெரிய உதவி. மின்னியல் தெரிந்தவர்கள் நனைந்த வீட்டின் வயரிங்கைப் பார்த்துச் சொல்லும்வரை ஒருவரையும் மெயின் சுவிச்சைப் போட விடக்கூடாது.

நனைந்த காகிதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சனத்துக்குக் காணி உறுதி உயிர் மாதிரி. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் மற்றதை விட்டுவிட்டு அந்தப் பையைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். உறுதி நனைந்து ஒட்டிப் போயிருந்தால் இழுத்துப் பிரிக்கக்கூடாது, வெயிலில் போடக்கூடாது, அயன் பண்ணக்கூடாது. நிழலில், காற்றோட்டத்தில், மை அச்சில்லாத வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்துத் தாள்களை அடிக்கடி மாற்ற வேண்டும். இரண்டு நாளைக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதற்குள் உலர்த்த முடியாது என்றால், பொலித்தீன் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டால் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். சரி, ஒன்றுமே மிஞ்சவில்லை என்றாலும் காணி போய்விடாது. பதிவு செய்த உறுதியின் விபரம் காணிப் பதிவகத்தில் இருக்கும். எழுதிய நொத்தாரிசிடமும் பிரதி இருக்கும். இதைச் சொன்னவுடன் ஒரு வயதானவரின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் முதல் நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று மகள் சொன்னார்.

மொழியும் ஒரு தொழில் அறிவுதான். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மலையகத்தில் மண் சரிந்து தோட்டக் குடியிருப்புகள் புதைந்தன. எச்சரிக்கைகளும் அறிவித்தல்களும் தமிழில் நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்ற குறை அப்போது பரவலாகப் பேசப்பட்டது. சிங்களமும் தமிழும் தெரிந்த ஒருவர் யாழ்ப்பாணத்தில் தன் மேசையில் இருந்துகொண்டே அறிவித்தல்களை மொழிபெயர்க்கலாம், படிவங்களை நிரப்ப போனில் உதவலாம். தன்னார்வப் பணி என்றால் சேற்றுக்குள் இறங்கத்தான் வேண்டும் என்றில்லை. நாரிப்பிடிப்பு உள்ளவரும், கர்ப்பிணிப் பெண்ணும் இதில் முழுப் பங்கு எடுக்கலாம்.

போகிறவரின் பாதுகாப்பு

2024 டிசெம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி, காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போகும். ஆகவே பூட்ஸ், கையுறை இல்லாமல் ஒருவரையும் இறக்கக்கூடாது. போவதற்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால், தடுப்பு மருந்து தேவையா, யார் எடுக்கக்கூடாது என்று சொல்வார்கள். திரும்பி வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், உடம்பு நோவு, கண் சிவத்தல் என்று ஏதாவது வந்தால், வெள்ளத் தண்ணீரில் நின்றேன் என்று வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனம் உயிரைக் காப்பாற்றும்.

உடைந்த அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகட்டை வாளால் அறுப்பதும் போட்டு நொறுக்குவதும் ஆபத்து. தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். தகட்டை நனைத்து, முழுதாக எடுத்து, முகக்கவசத்தோடு அடுக்க வேண்டும். முகமாலை, பளைப் பக்கம் போவதென்றால் இன்னொன்றும் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றல் இன்னும் முடியாத மண் அது. வெள்ளம் புதைந்ததை இடம் மாற்றும். அடையாளமிட்ட இடத்துக்கு அப்பால் கால் வைக்கக்கூடாது.

அலுவலகத்தில் புறப்படும் முன்னர் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: அங்கே எனக்குக் காயம் பட்டால் நிறுவனத்தின் காப்புறுதி செல்லுமா? வாய்ப்பேச்சில் பார்ப்போம் என்பது போதாது.

கொண்டு போகும் பொருள், எடுக்கும் படம்

பழைய உடுப்பு வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வீதியோரம் குவிந்து கிடந்து மழையில் ஊறிய உடுப்புக் குவியல்களைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தைகளுக்குப் பால்மா வாங்கிக் கொடுப்பதும் தவறு. கொதித்த சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் புட்டிப்பால் வயிற்றோட்டத்தைக் கொண்டு வரும், தாய்ப்பாலையும் நிறுத்திவிடும். முடிந்தவரை காசாகச் சேர்த்து, அந்த ஊருக்குக் கிட்டவுள்ள சந்தையில் வாங்குங்கள். சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ வாங்கினால் வெள்ளத்தில் வியாபாரம் படுத்துப் போன ஒரு கடைக்காரரும் எழும்புவார்.

படம் எடுப்பதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கையில் பொதியோடு நிற்கும் மனிதரை நிறுவனப் பெயர் பொறித்த ரீசேர்ட்டுகளுக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுக்கக்கூடாது. கேட்டால் அவர் சம்மதிப்பார், ஏனென்றால் மறுக்கும் நிலையில் அவர் இல்லை. நிறுவனத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால், துப்பரவாக்கிய கிணற்றைப் படம் எடுங்கள், நிரப்பிய படிவங்களை எண்ணிக் கொடுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் தொடங்குவதென்றால்

மழைக்கு முன், புரட்டாதி மாதத்திலேயே தொடங்குங்கள். ஒரு தாள் போதும். யாருக்குச் சிங்களம் தெரியும், யாருக்கு லொறி ஓட்டத் தெரியும், யார் முதலுதவி படித்தவர், யாருக்கு மின்வேலை தெரியும், யாருடைய சொந்தக்காரர் எந்தப் பள்ளக் காணியில் இருக்கிறார் என்று பெயர் பெயராக எழுதுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தின் அனர்த்த உத்தியோகத்தர், இரண்டு மூன்று கிராம சேவையாளர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோரைப் போய்ப் பார்த்து இலக்கங்களை வாங்குங்கள். வெள்ளத்துக்கு நடுவில் முதன்முதலாக அறிமுகமாகும் ஆளைவிட, போன மாதம் வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போன ஆளின் அழைப்பை அவர்கள் எடுப்பார்கள். முடிந்தால் ஒரு கிராமத்தைத் தெரிந்தெடுத்து ஒவ்வொரு வருடமும் அதற்கே போங்கள். ஐந்து கிராமத்துக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட இது நல்லது.

எங்கள் தாள் இப்போது சாப்பாட்டு அறைச் சுவரில் இருக்கிறது. அதன் அடியில் அந்த அம்மாவின் கிணற்றின் அளவு எழுதியிருக்கிறது: விட்டம், ஆழம், வெள்ளம் நின்ற உயரம், பரிசோதனை செய்த திகதிகள். முதல் இரண்டு பரிசோதனையிலும் கிருமி இருந்தது. மூன்றாவது மாசி மாதத்தில் சரி வந்தது. அன்று பின்னேரம் அவர் போன் எடுத்து, “பிள்ளையள், வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றார். நாங்கள் போனோம். சேற்றிலிருந்து வந்த அந்தப் பித்தளைச் செம்பில்தான் தந்தார்.